வார்ட்ஹவுசன் தாண்டியதும்

வார்ட்ஹவுசன் தாண்டியதும்
கழுத்தட்டையை மாற்றிக்கொள்வேன்.
அடுத்த நிறுத்தம் பீபராக்.

திங்களும் செவ்வாயும் உல்ம் குன்றின்மேல் மாணவி.
அந்த அட்டையில் நான் அப்பா:
பொன்னம்பலவா, அதற்குமேல் இடமில்லை.
புதனிலிருந்து நிறுவனத்தில் எழிலி.
ழகரத்துக்கு நான் எழுதிக்கொடுத்த இரண்டு எழுத்தை
வாசல் காவலர் தம் மொழிப்படி வாசிப்பார்:
எட்ஸ்-ஹிலி.
மேகம் என்று பொருள் சொன்னேன்.
இங்கே அது நிறைய உண்டு என்றார்.

குன்றின்மேல் என் குறிப்பேட்டில் காபிக் கறை,
ஓரத்தில் பென்சிலில் ஓர் 'ஐயோ'.
கீழே, பீபராக்கில், ஏடு திரைக்குள் இருக்கிறது.
அழித்தால் அழித்த நேரமும் பதிவாகும்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யென்ஸ் ஒப்பமிட வேண்டும்:
படித்தேன், புரிந்துகொண்டேன்.
'செல்கள் இறந்தன. காரணம் தெரியவில்லை'
என்று நான் எழுதிய பக்கத்திலும்
படித்தேன், புரிந்துகொண்டேன்.

பல்கலைக்கழகம் ஏன் என்று கேட்கும்,
கம்பெனி எப்போது என்று கேட்கும்
என்றுதான் சேரும்போது சொன்னார்கள்.
அப்படியொன்றும் இல்லை.
யென்ஸ் ஒருநாள் கடைசி ரயிலைத் தவறவிட்டு
ஏன் ஏன் என்று வெள்ளைப்பலகையை நிரப்பினார்.
பேராசிரியர் ரோஸ்விதா போன வாரம் கேட்டது:
உதவித்தொகை எந்த மாதம் முடிகிறது?

நு-17.
அறுபத்து மூன்று வயது, ஆண், முன்பு புகைத்தவர்.
நுரையீரல் நாராய் இறுகிக்கொண்டே வந்த ஒருவர்
அறுவைக்கு முந்தைய மாலை
ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறார்.
அவரைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.
அவருடைய செல்களுக்கோ மூன்றாண்டாக
ஞாயிறு தவறாமல் உணவு மாற்றுகிறேன்.

மருந்துக்கும் பெயரில்லை, ஓர் எண்.
கருத்தரங்கில் அதன் வடிவம் இருக்கவேண்டிய இடத்தில்
கறுப்புக் கட்டம் ஒட்டிப் பேசுவேன்.
முன்வரிசைக்காரர்கள் கட்டத்தையே உற்றுப் பார்ப்பார்கள்,
பார்த்தால் வெளுத்துவிடும் என்பதுபோல.

மார்ச், வியாழன், பத்தரை மணி.
மேசையில் பிஸ்கட் இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம்.
'முன்னுரிமைகள் மாறியுள்ளன.'
மருந்து யாரையும் கொல்லவில்லை, தோற்கவுமில்லை.
நிறுத்திவிட்டார்கள்.
யென்ஸுக்குப் புதன் முதல் வேறு குழு, வேறு உறுப்பு: கல்லீரல்.
எனக்கு ஆய்வேடு, பதினான்கு மாதம்,
நடுவில் ஒரு கறுப்புக் கட்டம்.

அன்றைய பக்கத்தை மூடினேன்.
'திட்டம் முடிந்தது. காரணம் தெரியவில்லை.'
படித்தேன், புரிந்துகொண்டேன் என்று ஒப்பம் வந்தது.
குறிப்புப் பெட்டியில், விதிக்குப் புறம்பாக, ஒரு வரி:
எனக்கும்.

உல்மில் ஒரு கதை உண்டு.
உத்தரத்தைக் குறுக்கே சுமந்து வந்தவர்கள்
கோட்டை வாசலில் முட்டி நின்றார்களாம்.
வைக்கோலை நீளவாக்கில் கொண்டுபோய்
ஒரு குருவி வழிகாட்டியதாம்.
ஊரெங்கும் அதற்குச் சிலை.
நான் குருவி இல்லை. முட்டி நின்றவள்.
மூன்று வாரம் முட்டி நின்றேன்.

பிறகு பழைய ஏட்டைப் புரட்டினேன், வேலையில்லாததால்.
மருந்து படாத தட்டுகள்.
ஒப்பிட மட்டும் வைத்தவை,
ஒவ்வொரு வரைபடத்திலும் இடதோரச் சாம்பல் கோடு.
மென்பசைமேல் வளர்ந்த நு-17
ஒன்பதாம் நாள் இழுப்பதை நிறுத்தியிருக்கிறது.
தானாக.
பக்கத்தில் என் கையெழுத்திலேயே:
'எதிர்பார்த்தபடி.'
யார் எதிர்பார்த்தது?

மூன்று முறை திரும்பச் செய்தேன். எட்டு, ஒன்பது, ஒன்பது.
நான்காவது தட்டில் பூஞ்சை.
சட்டப்பிரிவுக்கு எழுதிக் கேட்டேன்:
இதற்கும் கறுப்புக் கட்டம் ஒட்டவேண்டுமா?
இருபது நாள் கழித்து ஒற்றைச் சொல் பதில்:
வேண்டாம்.

இன்று காலை பீபராக் வாசலில்
அட்டையை நீட்டினேன். சிவப்பு விளக்கு.
மறுபடி நீட்டினேன். சிவப்பு.
காவலர் கண்ணாடிக்குப் பின்னிருந்து
என் கழுத்தைப் பார்த்தார்.
'எட்ஸ்-ஹிலி,' என்றார்,
'மற்றது.'